சூப்புக் கிண்ணங்களை யார் எடுப்பது

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் குளிர்சாதனம், பளபளவென்று தட்டுகள், ஆளுக்கொரு கோட்டு. எங்கள் காலத்தில் இருந்த ஒரே கோட்டு பிரின்ஸிபாலுடையது, அதுவும் அவர் கல்யாணத்துக்குத் தைத்தது. போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து புலம்பினார். "மேடம், சமையல் கிளாஸ்னா பசங்க ஓடி வராங்க. சாப்பிட்ட தட்டு எடுக்கச் சொன்னா மட்டும் மூஞ்சிய சுளிக்கிறாங்க. என்னா பண்றதுன்னே தெரில." நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்திருக்கும். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஓட்டல் நிர்வாகப் பட்டப்படிப்பு எங்கள் கல்லூரியில் தொடங்கியது எழுபதுகளின் முதல் பாதியில். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அப்போது ஓட்டல் என்றால் கோயில் பார்க்க வந்தவர்கள் அவசரமாக இட்லி தின்றுவிட்டுப் பஸ் பிடிக்கிற இடம். அதற்கு ஒரு பட்டம், அதிலும் ஆனர்ஸ் என்று தனிப் பிரிவு வேறு என்றதும் ஊரே சிரித்தது. நான் சரித்திரத்தில் ஆனர்ஸ் முடித்துவிட்டு, மெட்ராஸில் ஓட்டல் நிர்வாக டிப்ளமாவும் படித்து, ஒரு பெரிய ஓட்டலில் சில வருஷம் குப்பை கொட்டியவள். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் என் சித்தி கேட்டாள்.

"ஏண்டி, ஆனர்ஸ் படிச்சுட்டு கரண்டி புடிக்கப் போறியா?"

"கரண்டி புடிக்கறது இல்ல சித்தி. புடிக்கச் சொல்லிக் குடுக்கறது."

"அது இன்னும் கேவலமா இருக்குதே" என்றாள் சித்தி.

முதல் வருஷம் வந்த பிள்ளைகள் ஒரு மாதிரிப் பிள்ளைகள். பாதிப் பேர் தறி ஓடும் வீட்டுப் பையன்கள். மேஜைக் கைக்குட்டை மடிக்கச் சொன்னால் பட்டுப்புடவை மடிப்பதுபோலக் கரை பிசகாமல் மடித்து, மேலே ஒரு தட்டும் தட்டிவிடுவார்கள். புத்தகத்தில் இருந்த படத்தைவிட அழகாக இருக்கும். அதில் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றுமே இல்லை. பரிமாறுவதில்தான் தகராறு. விருந்தாளியைப் பார்த்து "இன்னும் வேணுமா, போதுமா?" என்று கேட்க வேண்டும் என்பேன். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். சாப்பிடுகிறவரைப் பார்த்துப் போதுமா என்று கேட்பது அவர்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. ஒரு நாள் பிரின்ஸிபாலை விருந்தாளியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். இவன்கள் கேட்கவில்லை, கேட்காமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் இந்த ஊர்க்காரர், போட்டதை மிச்சம் வைக்க மனசு வராமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் அவர் கல்லூரிக்கு வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் ஏகாம்பரம். அப்பா பிள்ளையார்பாளையத்தில் நிறையத் தறி வைத்திருந்த முதலாளி. பையன் வாயாடி, நல்ல மனசு, எதையும் நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் அவனுக்கு. இன்னொருவன் அருள்ராஜ். மாகறல் பக்கத்தில் ஒரு கிராமம், ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பு. அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தவர். அவன் என்ன சாதி என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாமல் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வருஷ முடிவில் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் ஆனர்ஸ் பிரிவு. வாங்கியது அருள்ராஜ் ஒருவன்தான். ஆனர்ஸ் மாணவன் பரிமாறும் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருந்தது. யார் எந்த மேஜைக்குப் போவது என்று சொல்வது அந்தத் தலைவன் வேலை, அவனுக்கு எங்கள் தொழிலில் கேப்டன் என்று பெயர். பிரின்ஸிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பயம் வந்தால் கண்ணாடி துடைப்பார்.

"இப்போதைக்கு நீங்களே கேப்டனா இருங்கம்மா. மொதல்ல பல்கலைக்கழக அங்கீகாரம் வரட்டும். அப்புறம் எல்லாத்தையும் பாத்துக்கலாம்."

அங்கீகாரம் என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள், எல்லாமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. படிப்பைத் தொடங்க மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரு குழு நேரில் வந்து, பிள்ளைகள் பரிமாறும் விருந்தில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்றால்தான் பட்டம். இல்லையென்றால் அத்தனை பிள்ளைகளும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு படிப்பில் இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். அருள்ராஜுக்கோ இன்னொரு முறை முதலிலிருந்து படிக்க வழியே கிடையாது.

இதற்கு நடுவில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. ஏகாம்பரத்தின் அப்பா எழுந்து நின்றார். நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி, குரலும் பெரிசு.

"அம்மா, எம் பையன் மேனேஜர் ஆவட்டும், இங்கிலீஷ் பேசட்டும், டை கட்டிக்கினு நிக்கட்டும். எனுக்கு சந்தோசம். ஆனா அடுத்தவன் தின்ன எச்சித் தட்டத் தொட்டான்னு கேள்விப்பட்டேன்னு வையுங்க, அன்னிக்கே கூட்டிக்கினு பூடுவேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். பிரின்ஸிபால் கண்ணாடியைத் துடைத்தார். தட்டு எடுக்க வெளியிலிருந்து இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். நான் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். சாப்பிட்ட தட்டை எடுக்கத் தெரியாதவன் ஓட்டல் நடத்துவது தறியில் உட்காராமல் நெசவு படிப்பதுபோல என்றேன். அவர் கேட்கவில்லை. ஆகவே எங்கள் பிள்ளைகள் தட்டு எடுக்கப் பழகியதெல்லாம் கழுவித் துடைத்த சுத்தமான தட்டுகளில். என்ன அழகாகச் செய்வார்கள் தெரியுமா? ஒரு கையில் மூன்று தட்டு, சத்தமே வராது. ஏகாம்பரம் நாலாவதையும் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். ஆனால் அந்த அறையில் ஒருத்தன்கூட இன்னொருத்தர் சாப்பிட்ட தட்டைக் கையால் தொட்டதில்லை.

குழு வரும் தேதி வந்தது. பார்த்தால் வைகாசி கருட சேவை அன்று. பிரின்ஸிபால் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். மெட்ராஸில் இருக்கிறவர்களுக்குக் கருட சேவை என்றால் காஞ்சிபுரத்தில் வண்டி நகராது என்று எப்படித் தெரியும்? மாற்றவில்லை.

அன்று காலையில் பெருமாள் புறப்பட்டதிலிருந்தே ஊர் முழுக்கத் தலைதான். வெளியூர் ஜனம் வேறு, தெருவெல்லாம் விசிறியும் நீர்மோரும். குழுவின் கார் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. தலைவரும் கூட வந்த இரண்டு பேரும் மேளச் சத்தத்துக்கு நடுவில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கறாரான மனுஷன் என்று பெயர் வாங்கியவர். சட்டை முழுக்க வியர்வை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட குங்குமம், கையில் ஒரு பனையோலை விசிறி. "யாரோ கையில குடுத்துட்டாங்க, யாருன்னு தெரியல" என்று பிரின்ஸிபாலிடம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். முகம் சிரிப்பாகத்தான் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பிரின்ஸிபால் என் காதருகே வந்தார்.

"தட்டு எடுக்கற அந்த ரெண்டு பொம்பளைங்களும் வரல."

"ஏன்?"

"என்னம்மா ஏன்னு கேக்குறீங்க. கருட சேவை அன்னிக்கு யார் வருவாங்க?"

கூடம் நிறைந்திருந்தது. முதல் மேஜையில் குழு. மற்ற மேஜைகளில் பெற்றோர்கள், அவர்களும் விருந்தாளிகள்தான். ஏகாம்பரத்தின் அப்பா சரிகை அங்கவஸ்திரத்தோடு நடு மேஜையில். கடைசியில், கதவை ஒட்டிய மேஜையில் அருள்ராஜின் அம்மா. அவர் உள்ளே வரவே மாட்டேன் என்று மரத்தடியில் நின்றிருந்தார், நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். அந்த மேஜையில் அவரைத் தவிர யாரும் உட்காரவில்லை. நாற்காலி நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

தக்காளி சூப்பு போனது. அழகாகப் போனது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தலைவர் ருசித்துக் குடித்தார். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அடுத்து கட்லெட் வர வேண்டும். காலிக் கிண்ணத்தை எடுக்காமல் கட்லெட் தட்டை எங்கே வைப்பது?

யாரும் அசையவில்லை.

பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக, கையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார்கள். அத்தனை பேருக்கும் அப்பா அம்மா எதிரில். உள்ளே கட்லெட் ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு முறை விசிறிக்கொண்டார். பிறகு விசிறியை மேஜைமேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

அப்போது நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வரிசையில் நின்ற பிள்ளைகளின் கண் ஒவ்வொன்றாக அருள்ராஜ் பக்கம் திரும்பியது. பெற்றோர்கள் கண்ணும் திரும்பியது. பிரின்ஸிபால் கண்ணும்தான். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், யாரும் யோசித்துச் செய்யவில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி எல்லோருடைய கண்ணும் அவனிடம் போய் நின்றது. அவனுக்கும் புரிந்தது. கையிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு காலை எடுத்து வைத்தான்.

அவன் போய் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். கட்லெட் வரும், அங்கீகாரம் வரும், பெற்றோர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் தட்டு எடுப்பது அவன் வேலை, அவனுக்குப் பிறகு அவனைப் போல வருகிறவன் வேலை. ஆனர்ஸ் எல்லாம் காகிதத்தோடு சரி. சரி, நானே போய் எடுக்கலாமா? எடுக்கலாம், எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் குழு வந்திருப்பது பிள்ளைகளைப் பார்க்க. வாத்தியாரம்மா எடுத்தாள், பிள்ளைகளுக்கு வராது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஏகாம்பரத்தைப் போகச் சொன்னால் அவன் அப்பா எழுந்துவிடுவார், அவர் எழுந்தால் பாதிக் கூடம் எழுந்துவிடும். ஒரு வழியும் உருப்படியாக இல்லை. யோசிக்கவும் நேரமில்லை, அவன் இரண்டாவது காலையும் எடுத்து வைத்துவிட்டான்.

நான் குறுக்கே போய் நின்றேன். கேப்டன் என்று போட்ட பித்தளை வில்லை என் புடவைத் தலைப்பில் குத்தியிருந்தது. அதைக் கழற்றி அவன் சட்டையில் குத்தினேன். அவசரத்தில் ஊசி என் விரலில் ஏறியது.

"ஆனர்ஸ் ஸ்டூடன்ட் நீதானே. இனிமே நீதான் கேப்டன். யாரு எந்த மேஜைன்னு நீ சொல்லு."

அவன் வில்லையைத் தொட்டுப் பார்த்தான். மெதுவான குரலில் கேட்டான்.

"நான் சொன்னா கேப்பாங்களா மேடம்?"

"தெரியாதுப்பா. சொல்லிப் பாரு."

அது உண்மையிலேயே எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்து அவனிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. பிரின்ஸிபால் தூரத்திலிருந்து என்னை முறைத்தார், கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தது.

அருள்ராஜ் திரும்பி வரிசையைப் பார்த்தான். பிறகு மேஜைகளைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கேப்டன் நிற்க வேண்டியபடி நின்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அவங்கவங்க அப்பா அம்மா மேஜையிலேர்ந்து ஆரம்பிங்க. ஏகாம்பரம், உங்க அப்பாவுது மொதல்ல. அங்கேர்ந்து அப்படியே முன்னால போய் சேர்மன் சாரோடது."

என் மூளையில் உதிக்காத ஒன்று. பெற்ற அப்பன் சாப்பிட்ட கிண்ணத்தை மகன் எடுப்பதற்கு எந்த அப்பன் கோபித்துக்கொள்ள முடியும்? கூடாது என்று சொல்ல ஏகாம்பரத்தின் அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் ஏகாம்பரம் அவர் முன்னால் போய் நின்றிருந்தான். முதலாளி மகனைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"எடு, எடு. பாத்து எடுடா, கரண்டி கீழ விழப் போவுது."

"விழாதுப்பா" என்றான் ஏகாம்பரம். விழவில்லை.

அந்த ஒரு கிண்ணம் எழுந்ததும் வரிசை முழுக்க அசைந்தது. ஒருவன் அப்பாவிடம் போனான், ஒருவன் அம்மாவிடம் போனான். ஒரு அம்மா மகன் கன்னத்தை அங்கேயே தொட்டு முத்தம் வைத்துக்கொண்டது, அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. சொந்த வீட்டுக் கிண்ணம் ஒன்று கையில் ஏறிவிட்டால் பக்கத்துக் கிண்ணத்தையும் எடுக்காமல் வருவது எப்படி? அதற்குக் கூச்சப்பட நேரமே இல்லை. ஏகாம்பரம் கையில் மூன்றாவதாகத் தலைவரின் கிண்ணம் ஏறியது. அவன் அப்பா பக்கத்து மேஜைக்காரரிடம் "எம் பையன்தான்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

அங்கீகாரம் கிடைத்ததா என்று நீங்கள் தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைத்தது, ஆனர்ஸோடு சேர்த்து. கிளம்பும்போது தலைவர், சூப்புக்குப் பிறகு ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டார். "கருட சேவைக் கூட்டம் சார்" என்றார் பிரின்ஸிபால், கூடத்துக்குள் என்ன கூட்டம் என்று தலைவர் கேட்கவில்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தட்டு எடுக்க முகம் சுளிக்கிற பையனைத் திட்டுவதற்கு முன்னால், அவன் சுளித்ததும் வகுப்பு யாரைத் திரும்பிப் பார்க்கிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் அந்த வேலை போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை. மிச்சத்தைப் பிறகு சொல்லிக் கொடுக்கலாம். நெருக்கடியில் சுலபமான வழி ஒன்று எப்போதும் இருக்கும், அது யார் தலையில் விடிகிறது என்று ஒரு நொடி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது இந்த அறிவுரையை அல்ல. அன்று கட்லெட்டுக்கு முன்னால் இன்னும் ஒன்று நடந்தது.

எல்லா மேஜையும் காலியாகிவிட்டது. கதவோரத்து மேஜையில் மட்டும் ஒரு கிண்ணம் இருந்தது. அருள்ராஜின் அம்மாவுடையது. அவரவர் அப்பா அம்மாவிடம் போகச் சொன்ன பிள்ளை, தான் கேப்டன் என்பதால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தான். எத்தனையோ பேருக்கு உத்தரவு போட்டவனுக்கு, என் அம்மா கிண்ணத்தை எடு என்று ஒருவனிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம், ஆனால் கேப்டன் வில்லையை அவனுக்குக் குத்திவிட்டு அவனைத் தாண்டி நான் எப்படி உத்தரவு போடுவேன்? நானும் நின்றேன். அந்த அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு எழப் போனார்.

ஏகாம்பரம் சமையலறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தான். பார்த்தான். யாரும் சொல்லவில்லை. நடு மேஜையில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார், அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனான். போய் அந்த அம்மாவிடம் கையை நீட்டினான்.

"வேணாம் தம்பி" என்று அவர் கிண்ணத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நானே கழுவி வச்சிடறேன்பா."

"நீங்க கழுவினா கேப்டன் என்னத் திட்டுவாரும்மா. உக்காருங்க. குடுங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது, என் கண்ணிலும்தான். மெல்ல உட்கார்ந்து கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். காலிக் கிண்ணத்தை விருந்தாளியின் வலது பக்கம் நின்றுதான் எடுக்க வேண்டும், இவன் அவசரத்தில் இடது பக்கம் நின்றிருந்தான். அருள்ராஜ் நின்ற இடத்திலிருந்தே சொன்னான்.

"ஏகாம்பரம், வலது பக்கம்."

"சரிங்க கேப்டன்" என்று ஏகாம்பரம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, குனிந்து, எடுத்தான்.